12 மீட்டர் தள்ளிப்போன லேப்டாப்: மேடையில் யூஎஸ்பி, மிடி கருவிகளுக்கு மின்சாரம் கொடுத்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

நான்கு பேர் கொண்ட சிறிய இசைக்குழு. கீபோர்டு, பேட், கிடார், பாட்டு. கூடவே மிக்ஸரைப் பார்த்துக்கொள்ள ஓர் ஒலி அமைப்பாளர். பின்னணித் தாளமும் பாதி வாத்திய ஒலிகளும் ஒரு லேப்டாப்பிலிருந்து வந்தன. வெகுநாள் அந்த லேப்டாப் மேடையிலேயே, கீபோர்டுக்குப் பக்கத்தில் இருந்தது. எல்லாம் ஒழுங்காக ஓடியது.

பிறகு அதை மிக்ஸருக்குப் பக்கத்தில் கொண்டுபோக முடிவு செய்தார்கள். காரணம் நியாயமானதுதான்: பாட்டு நடுவில் தாளத்தின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ ஒலி அமைப்பாளருக்கு லேப்டாப் கைக்கெட்டும் தூரத்தில் வேண்டும். நேர்கோட்டில் பார்த்தால் 8 மீட்டர். ஆனால் கேபிள் ஆட்களின் கால் நடுவே போக முடியாது. சுவர் ஓரமாகச் சுற்றிப் போட்டால் 12 மீட்டர்.

மேடையில் இருந்த கருவிகளைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். விரலால் தட்டி லேப்டாப்புக்குக் கட்டளை அனுப்பும், 64 கட்டங்கள் கொண்ட பேட் கன்ட்ரோலர். ஒவ்வொரு கட்டத்துக்கு அடியிலும் வண்ண எல்இடி. யூஎஸ்பி வழியாக வரும் கரண்டைத் தவிர அதற்கு வேறு மின்வழி கிடையாது. 49 கட்டைகள் கொண்ட கன்ட்ரோலர் கீபோர்டு. அதுவும் யூஎஸ்பி கரண்டில் ஓடுவது, ஆனால் முதுகில் ஐந்து பின் மிடி அவுட் ஒன்று சும்மா கிடந்தது (எந்தக் கட்டை அழுத்தப்பட்டது என்பது போன்ற செய்திகளை இசைக் கருவிகள் பரிமாறிக்கொள்ளும் முறைதான் மிடி). சொந்த அடாப்டரில் ஓடும் சின்த் மாட்யூல், அதாவது வரும் மிடி செய்திக்கு ஏற்ப ஒலி எழுப்பும் பெட்டி. அதன் ஆடியோ மிக்ஸருக்குப் போகும். இவை மூன்றும் லேப்டாப்போடு பேச வேண்டியவை. நான்காவதாக, கிடார்காரரின் காலடியில் ஒரு ஃபுட் கன்ட்ரோலர். அது மேடையின் பின்பக்கம் இருந்த கிடார் எஃபெக்ட் பெட்டிக்கு மட்டும் கட்டளை அனுப்பும். லேப்டாப்போடு அதற்குத் தொடர்பில்லை.

புது ஏற்பாட்டில் லேப்டாப்பிலிருந்து 10 மீட்டர் ரிப்பீட்டர் கேபிள் (சைகையைப் புதுப்பித்து அனுப்பும் சில்லு உள்ளது), அதன் முனையில் அடாப்டர் சாக்கெட் இல்லாத நாலு போர்ட் ஹப் (ஒரு யூஎஸ்பி இணைப்பை நாலாகப் பிரிக்கும் பெட்டி), அங்கிருந்து மூன்று கருவிகளுக்கும் அதனதன் சொந்த கேபிள் என்று போட்டிருந்தார்கள்.

தென்பட்ட கோளாறு

ஒத்திகையில் ஒன்றும் ஆகவில்லை. முதல் நிகழ்ச்சியின் பிற்பகுதியில், பேட் வாசிப்பவர் ஒரு பாட்டிலிருந்து இன்னொரு பாட்டின் பக்கத்துக்கு மாறிய நொடியில் 64 விளக்கும் அணைந்தன. அதே சமயம் கீபோர்டும் பதில் சொல்லவில்லை. கீபோர்டுகாரர் விரலை எடுத்த பிறகும் அவர் அழுத்தியிருந்த ஸ்ட்ரிங்ஸ் ஸ்வரம் நிற்காமல் ஒலித்துக்கொண்டே இருந்தது. லேப்டாப் திரையில் கருவிகள் கழற்றப்பட்டதாக ஓர் அறிவிப்பு. சில நொடிகளில் எல்லாம் தானாகத் திரும்பி வந்தன, தொங்கிய ஸ்வரத்தைத் தவிர. அதை ஒலி அமைப்பாளர் கையால் நிறுத்தினார்.

தொங்கிய ஸ்வரத்துக்குக் காரணம் எளிது. மிடியில் கட்டையை அழுத்தினால் ஒரு செய்தி, விட்டால் இன்னொரு செய்தி. நடுவில் இணைப்பு அறுந்தால் இரண்டாவது செய்தி வந்து சேராது. ஒலி எழுப்பும் மென்பொருளைப் பொறுத்தவரை விரல் இன்னும் கட்டையின் மேல்தான் இருக்கிறது.

அடுத்த நிகழ்ச்சியிலும் இதே கதை. அதற்குப் பிறகுதான் என்னைப் பார்க்கச் சொன்னார்கள்.

எதையெல்லாம் சந்தேகித்தார்கள்

நான் போவதற்குள் வழக்கமான வேலைகள் முடிந்திருந்தன. மென்பொருளைப் புதுப்பித்தார்கள். டிரைவரை அழித்து மறுபடி நிறுவினார்கள். மின்சாரத்தை மிச்சப்படுத்த யூஎஸ்பி போர்ட்டைத் தூங்க வைக்கும் அமைப்பை லேப்டாப்பில் அணைத்து வைத்தார்கள். பேட் கருவியே பழுதோ என்று அதை லேப்டாப்பில் நேரடியாகச் செருகிப் பார்த்தார்கள், மணிக்கணக்கில் ஓடியது. அப்படியானால் கேபிள்தான் என்று அதே வகையில் இன்னொன்று வாங்கினார்கள். மாற்றம் இல்லை.

இதில் இரண்டு தகவல்கள் எனக்கு உதவின. ஒன்று, லேப்டாப்பின் பதிவேட்டில் மூன்று கருவிகளும் ஒரே நொடியில் காணாமல் போய், ஒரே நொடியில் திரும்பி வந்திருந்தன. சின்த் சொந்த அடாப்டரில் ஓடுவது. அது அணையவே இல்லை. ஆனாலும் அதன் யூஎஸ்பி இணைப்பு போயிருக்கிறது. ஆக விழுந்தது ஹப்.

இரண்டாவது, யூஎஸ்பி வழி மிடி செல்லும் முறை. மிடி செய்திகள் யூஎஸ்பியில் பல்க் டிரான்ஸ்ஃபர் என்ற வகையில் போகின்றன. அதில் பிழை சோதனை உண்டு. கெட்டுப்போன பொட்டலம் மறுபடி அனுப்பப்படும். ஆகவே டேட்டாவில் கொஞ்சம் அழுக்கு சேர்ந்தால் ஸ்வரம் தாமதமாகலாமே தவிர, ஒன்றிரண்டு ஸ்வரம் மட்டும் தொலைந்துபோவது அபூர்வம். லேப்டாப்பின் ஒலியை மிக்ஸருக்குக் கொடுக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் வேறு மாதிரி. அதன் டேட்டாவுக்கு மறு அனுப்பல் கிடையாது, கெட்டால் உடனே 'டிக்' என்று கேட்டுவிடும். இங்கே எல்லாம் ஒழுங்காக ஓடி, பிறகு மொத்தமாக விழுந்தது. மொத்தமாக விழுவது பெரும்பாலும் மின்சாரத்தின் குணம்.

அப்புறம் பேட் வாசிப்பவர் போகிற போக்கில் ஒன்று சொன்னார்: "அண்ணா, அந்தப் பாட்டு பேஜ்ல எல்லா லைட்டும் வெள்ளை. அதைப் போட்டாதான் செத்துப்போகுது." ஒத்திகையில் விளக்குகளை மங்கலாக வைத்திருந்தாராம். நிகழ்ச்சியில் மேடை வெளிச்சத்துக்கு ஈடாகப் பிரகாசத்தை முழுதாகக் கூட்டியிருக்கிறார். வெள்ளை என்றால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்று எல்இடியும் ஒன்றாக எரியும். வேறு எந்த நிறத்தையும்விட அதுதான் அதிகம் குடிக்கும்.

அளந்து பார்த்தபோது

ஹப்பில் எதையும் செருகாமல் மல்டிமீட்டர் வைத்தால் 5 வோல்ட் இருந்தது. இதைத்தான் ஏற்கெனவே ஒருவர் அளந்து "கரண்ட் சரியாத்தான் வருது" என்று சொல்லியிருந்தார். லோடு இல்லாமல் அளந்த வோல்டேஜ் எவ்வளவு நீளக் கேபிளிலும் சரியாகத்தான் காட்டும். கரண்ட் ஓடினால்தானே கம்பியில் இழப்பு வரும். எனவே கருவிகளைச் செருகி, ஓடவிட்டு, கேபிளின் தூர முனையில் அளந்தோம். கேபிளுக்கும் கருவிக்கும் நடுவே செருகும் சின்ன யூஎஸ்பி மீட்டரும், குறைந்தபட்ச வாசிப்பைப் பிடித்து வைக்கும் வசதியுள்ள மல்டிமீட்டரும் போதுமானதாக இருந்தன. அந்தக் குறைந்தபட்ச வசதி முக்கியம். வோல்டேஜ் ஒரு கணம் பள்ளத்தில் விழுந்து எழுவதைச் சாதாரணத் திரை காட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

விளக்குகள் மங்கலாக இருந்தபோது பேட் 180 மில்லிஆம்பியர், கீபோர்டு 80, ஹப்பும் ரிப்பீட்டர் கேபிளின் சில்லும் சேர்ந்து 60 எடுத்தன. மொத்தம் 320. ஹப்பில் 4.45 வோல்ட் இருந்தது. முழுப் பிரகாசத்தில் எல்லாக் கட்டத்தையும் வெள்ளையாக்கியதும் பேட் மட்டுமே 460 மில்லிஆம்பியர் வரை போனது, மொத்தம் 600. ஹப்பில் 3.9 வோல்ட். பேட் கருவியின் சாக்கெட்டில் 3.5. அங்கே எல்லாம் அணைந்தன.

யூஎஸ்பி 2.0 விதிப்படி ஹப் போர்ட்டில் வோல்டேஜ் 4.40 வரை இறங்கலாம். அதற்குக் கீழே கருவி ஓடினால் அது கருவி செய்தவரின் பெருந்தன்மை. உள்ளே இருக்கும் சில்லுகளுக்குப் பெரும்பாலும் 3.3 வோல்ட் வேண்டும். அதைத் தயாரிக்கும் ரெகுலேட்டருக்கு மேலே கொஞ்சம் இடைவெளி தேவை. 3.5-க்கு வந்துவிட்டால் அந்த இடைவெளி காணாமல் போகிறது.

கணக்கும் இதோடு ஒத்துப்போனது. கேபிளின் உறையில் டேட்டா கம்பி 28 கேஜ், மின்கம்பி 24 கேஜ் என்று அச்சிட்டிருந்தது. கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலியும். 24 கேஜ் செம்புக் கம்பிக்கு மீட்டருக்குச் சுமார் 0.084 ஓம். கரண்ட் போகவும் வரவும் வேண்டும் என்பதால் 10 மீட்டர் கேபிளில் 20 மீட்டர் கம்பி; 1.68 ஓம். செருகிகளின் தொடுதடையையும் சேர்த்தால் 1.8-க்குப் பக்கம். 0.6 ஆம்பியரை இதோடு பெருக்கினால் 1.1 வோல்ட் வழியிலேயே போய்விடுகிறது.

நான் எதிர்பார்க்காத விஷயம் பேட் கருவியோடு வந்த 2 மீட்டர் கேபிளில் இருந்தது. மெல்லிய, வளைந்துகொடுக்கும், பார்க்க அழகான கேபிள். உள்ளே மின்கம்பியும் 28 கேஜ்தான். மீட்டருக்குச் சுமார் 0.213 ஓம். போக வர 4 மீட்டருக்கு 0.85 ஓம். 460 மில்லிஆம்பியரில் கிட்டத்தட்ட 0.4 வோல்ட் அதில் மட்டும் கரைந்தது. 10 மீட்டர் கேபிளைக் குற்றவாளி என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, இந்த 2 மீட்டர் தன் பங்கை அமைதியாக எடுத்துக்கொண்டிருந்தது.

இன்னொன்று: இழப்பு பாதி 5 வோல்ட் கம்பியில், பாதி கரண்ட் திரும்பி வரும் கிரவுண்ட் கம்பியில். அதாவது மேடையில் இருந்த கருவியின் கிரவுண்ட் லேப்டாப்பின் கிரவுண்டைவிட அரை வோல்ட்டுக்கு மேல் உயர்ந்து நின்றது. யூஎஸ்பியின் இரண்டு டேட்டா கம்பிகளும் ஒன்றுக்கொன்று எதிராகப் பேசினாலும், சில சைகைகளை கிரவுண்டோடு ஒப்பிட்டுத்தான் படிக்கிறார்கள். டேட்டாவும் மின்சாரமும் ஒரே உறைக்குள் போகும்போது ஒன்றின் நோய் மற்றதையும் தொடும்.

லேப்டாப் ஏன் "மின்சாரம் போதாது" என்று எச்சரிக்கவில்லை? சொந்த அடாப்டர் இல்லாத ஹப் தன் போர்ட் ஒவ்வொன்றிலும் 100 மில்லிஆம்பியர்தான் தரலாம் என்பது விதி. பேட் கருவி தனக்கு 500 வேண்டும் என்று அறிவிக்கிறது. முறைப்படி லேப்டாப் அதை மறுத்திருக்க வேண்டும். ஆனால் மலிவான ஹப்புகள் பல, தமக்குச் சொந்த மின்சாரம் இருப்பதாகவே லேப்டாப்பிடம் சொல்லிக்கொள்கின்றன. இதுவும் அப்படிச் சொன்னது. லேப்டாப் நம்பியது.

யோசித்த வழிகள்

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொண்டோம். யூஎஸ்பி கேபிள் 5 மீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பது மின்சாரத்துக்காக வைத்த வரம்பு கிடையாது. கேட்ட கேள்விக்குக் குறித்த நேரத்துக்குள் பதில் திரும்ப வேண்டும். அதற்கான நேர வரம்பு அது. ரிப்பீட்டர் கேபிள் நடுவில் ஒரு ஹப் போல நின்று அந்த நேரச் சிக்கலைத் தீர்க்கிறது. மின்சாரத்துக்கு அது ஒன்றும் செய்வதில்லை, தன் பங்குக்குக் கொஞ்சம் குடிக்கவும் செய்கிறது. "ரிப்பீட்டர் போட்டாச்சே, அப்புறம் ஏன்" என்ற கேள்விக்குப் பதில் இதுதான்.

தடித்த கேபிள் போடலாமா? 20 கேஜ் மின்கம்பி என்றால் இழப்பு அரை வோல்ட்டுக்குள் வந்துவிடும். காகிதத்தில் சரி. ஆனால் இந்த நீளத்தில், அவ்வளவு தடித்த மின்கம்பியோடு ஆயத்த யூஎஸ்பி கேபிள் தேடிப் பிடிப்பது கடினம். 12 வோல்ட்டைத் தனிக் கம்பியில் அனுப்பி மேடையில் 5 வோல்ட்டாகக் குறைப்பது இன்னும் நல்ல யோசனை. 3 வாட் வேலைக்கு 12 வோல்ட்டில் 0.3 ஆம்பியர் போதும். வழியில் அரை வோல்ட் போனாலும் குறைப்பான் கண்டுகொள்ளாது. மேடையில் மின் சாக்கெட் இல்லாதிருந்தால் நான் இதைத்தான் செய்திருப்பேன். சின்த்துக்கு ஏற்கெனவே அங்கே சாக்கெட் இருந்தது.

நெட்வொர்க் கேபிள் வழி மிடியும் பேச்சில் வந்தது. ஆர்டிபி மிடி என்ற முறைக்கு 2011-இல் வந்த ஆர்எஃப்சி 6295 என்ற இணையத் தர ஆவணத்தில் வரையறை இருக்கிறது. அதே கேபிளில் மின்சாரமும் அனுப்பலாம்: 2003-இல் வந்த 802.3ஏஎஃப் தரம் சுமார் 48 வோல்ட்டில், 100 மீட்டர் வரை கருவியின் முனையில் 12.95 வாட் தருகிறது. தூரம் 40, 50 மீட்டர் என்றால் இதற்குத்தான் போயிருக்க வேண்டும். 12 மீட்டருக்கு நெட்வொர்க் அமைப்பை மேடையில் யார் பராமரிப்பது என்ற கேள்வியில் கைவிட்டோம்.

முதல் மாற்றம்: அடாப்டர் உள்ள ஹப்

மேடையில் சொந்த அடாப்டரோடு ஒரு ஹப் வைத்தோம். பேட் கருவியின் கேபிளை மாற்றி, அரை மீட்டரில் தடித்த ஒன்றைப் போட்டோம். கரண்ட் இனி 10 மீட்டர் பயணம் செய்ய வேண்டியதில்லை. எல்லா விளக்கும் வெள்ளையாக எரிந்தபோதும் பேட் சாக்கெட்டில் 4.9 வோல்ட்.

வாங்கிய முதல் ஹப்பைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. அதை லேப்டாப்பிலிருந்து கழற்றிவிட்டு, லேப்டாப் பக்கம் போகும் செருகியில் அளந்தால் 4.7 வோல்ட் வந்தது. ஹப்பின் அடாப்டர் தன் மின்சாரத்தைப் பின்னோக்கி லேப்டாப்பின் போர்ட்டுக்குள் தள்ளிக்கொண்டிருந்தது. அங்கே பூச்சியம்தான் இருக்க வேண்டும். இதனால் லேப்டாப் உடனே கெடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அணைத்த பிறகும் முழுதாக அணையாமல் நிற்பது, போர்ட் குழம்பிப்போவது போன்ற விநோதங்கள் இதிலிருந்து வருவதுண்டு. இரண்டாவது ஹப்பில் இந்தக் குறை இல்லை.

கருவிகள் விழுவது நின்றது. ஆனால் புதிதாக ஒரு சத்தம் வந்தது. மிக்ஸரில் சின்த்தின் சேனலைத் திறந்தால் மெல்லிய 'கீ' என்ற ஊளை. அடியில் கொஞ்சம் 'ம்ம்' என்ற முணுமுணுப்பும். லேப்டாப் சார்ஜரைக் கழற்றினால் குறைந்தது. சின்த்தின் யூஎஸ்பி கேபிளைக் கழற்றினால் முழுதாகப் போனது.

இது கிரவுண்ட் லூப். சின்த்தின் கிரவுண்ட் ஆடியோ கேபிள் வழியாக மிக்ஸருக்குப் போகிறது. யூஎஸ்பி வழியாக லேப்டாப்புக்கும், லேப்டாப்பின் சார்ஜர், ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாக மறுபடி அதே மிக்ஸருக்கும் போகிறது. வளையம் முழுதாகிவிட்டது. அந்த வளையத்தில் ஓடும் குப்பைக் கரண்ட் ஆடியோவாகக் கேட்கிறது. 'கீ' சத்தம் 1 கிலோஹெர்ட்ஸ் அருகே இருந்ததும் தற்செயல் இல்லை: யூஎஸ்பி தன் வேலையை 1 மில்லிநொடிச் சட்டங்களாகப் பிரித்துச் செய்கிறது, நொடிக்கு 1000. முன்பு இந்தச் சத்தம் இருந்திருந்தாலும், மொத்த அமைப்பும் விழுந்துகொண்டிருந்த களேபரத்தில் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

இரண்டாவது மாற்றம்: டேட்டாவுக்கு ஐந்து பின் கேபிள்

இங்கேதான் 1983-இல் வந்த பழைய மிடி இணைப்பு கைகொடுத்தது. அதை வடிவமைத்தவர்கள் இந்த இரண்டு பிரச்சினையையும் முன்கூட்டியே யோசித்திருந்தார்கள். ஐந்து பின் மிடி ஒரு கரண்ட் வளையம். சுமார் 5 மில்லிஆம்பியர் ஓடினால் 0, ஓடாவிட்டால் 1. வாங்கும் பக்கத்தில் ஆப்டோ ஐசொலேட்டர் இருக்கிறது. வரும் கரண்ட் ஒரு சின்ன எல்இடியை எரிக்கும்; எதிரே இருக்கும் ஒளி உணரி அதைப் படிக்கும். இரண்டு கருவிகளுக்கும் நடுவே வெளிச்சம் மட்டுமே கடக்கிறது. கேபிளின் உறைக் கம்பிகூட அனுப்பும் பக்கத்தில் மட்டும் 2-ஆம் பின்னில் சேரும்; வாங்கும் பக்கத்தில் அது எங்கும் சேராது. வளையமே உருவாகாது.

நீளத்துக்கும் பயமில்லை. நாங்கள் போட்ட 12 மீட்டரில் 28 கேஜ் மெல்லிய கம்பியாக இருந்தாலும் போக வர சுமார் 5 ஓம்தான். மிடி வளையத்தில் ஏற்கெனவே 220 ஓம் தடைகள் மூன்று இருக்கின்றன. 660-க்குப் பக்கத்தில் 5 எந்த மூலைக்கு? யூஎஸ்பியில் கருவியையே கொன்ற மெல்லிய கம்பி இங்கே கண்ணுக்கே தெரியாமல் போகிறது. மிடி விதி அனுமதிக்கும் 15 மீட்டருக்கு உள்ளேயும் இருந்தோம்.

பேட் கருவியில் ஐந்து பின் சாக்கெட் இல்லை. எனவே மேடையில் ஒரு யூஎஸ்பி மிடி ஹோஸ்ட் பெட்டி வைத்தோம். லேப்டாப் செய்யும் வேலையில் சிறு பகுதியை மட்டும் அது செய்யும்: பேட் கருவிக்கு யூஎஸ்பியில் 5 வோல்ட் கொடுத்து, அதன் மிடியை வாங்கி, ஐந்து பின் சாக்கெட்டில் வெளியே விடும். கீபோர்டின் மிடி அவுட்டும் அதற்குள் போய், வேறு சேனலில் கலந்து, ஒரே கேபிளில் லேப்டாப் பக்கம் போனது. கீபோர்டுக்கு வேண்டிய 5 வோல்ட்டைப் பக்கத்தில் ஒரு சாதாரண அடாப்டர் கொடுத்தது. பேட் விளக்குகளுக்கான கட்டளையும் சின்த்துக்கான ஸ்வரங்களும் இன்னொரு கேபிளில் லேப்டாப்பிலிருந்து மேடைக்கு வந்தன. லேப்டாப்பின் பக்கத்தில் குறுகிய கேபிளோடு ஒரு மிடி இன்டர்ஃபேஸ்.

மிக்ஸருக்குப் போகும் மைக் மல்டிகோரில் (பல மைக் கம்பிகள் ஒன்றாகப் போகும் தடித்த கேபிள்) காலி இணைப்புகள் இருந்தன. மிடியை அதில் அனுப்பலாமே என்று ஒலி அமைப்பாளர் கேட்டார். கம்பியைப் பொறுத்தவரை தாராளமாக முடியும். ஆனால் அந்தச் செருகியை யாராவது தவறி மிக்ஸர் உள்ளீட்டில் போட்டு, மைக்குகளுக்காக மிக்ஸர் அனுப்பும் 48 வோல்ட் ஃபேன்டம் பவரையும் தட்டிவிட்டால் மிடி கருவியின் கதி தெரியாது. தனி கேபிளே போட்டோம்.

ஃபுட் கன்ட்ரோலர்

இதற்கிடையே கிடார்காரரின் ஃபுட் கன்ட்ரோலர் ஒரு நாள் உயிரே இல்லாமல் கிடந்தது. லேப்டாப் மாற்றத்தோடு சம்பந்தம் இருக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள். இல்லை. பழைய கேபிள் மிதிபட்டுப் போனதால் யாரோ புதிய மிடி கேபிளை மாற்றியிருந்தார்கள்.

மிடி செய்திக்கு 4, 5 பின்கள், உறைக்கு 2. 1-ஆம் பின்னும் 3-ஆம் பின்னும் வழக்கமாகச் சும்மா இருப்பவை. இந்த ஃபுட் கன்ட்ரோலருக்கு மேடையின் பின்பக்கத்திலிருந்து, ஒரு சின்னப் பெட்டி வழியாக, அந்த இரண்டு பின்களில் 9 வோல்ட் அனுப்பியிருந்தார்கள். மேடை முனையில் சாக்கெட்டோ அடாப்டரோ வைக்க வேண்டாம் என்ற நல்ல ஏற்பாடு. ஆனால் கடையில் கிடைக்கும் மிடி கேபிள்களில் பல, மூன்று கம்பியோடு மட்டுமே வருகின்றன. வெளியிலிருந்து பார்த்தால் ஐந்து பின்னும் பளபளவென்று இருக்கும். செருகியின் மூடியைத் திருகிப் பார்த்தால் 1-ஆம் பின்னிலும் 3-ஆம் பின்னிலும் ஈயப் பற்றே இல்லை. ஐந்து கம்பிக் கேபிள் போட்டதும் எழுந்துவிட்டது.

இந்த 8 மீட்டர் கேபிளிலும் கம்பி 28 கேஜ்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். கருவி எடுப்பது 120 மில்லிஆம்பியர், இழப்பு 0.4 வோல்ட், போய்ச் சேர்வது 8.6. உள்ளே இருக்கும் ரெகுலேட்டருக்கு 7 வோல்ட் வந்தாலே 5 வோல்ட் தயாரித்துவிடும். மிச்சமே ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் இருக்கிறது. யூஎஸ்பியில் 5-க்கும் 4.40-க்கும் நடுவே உள்ள மொத்த இடமே 0.6. நீளக் கேபிளில் மின்சாரம் அனுப்பலாமா என்று என்னைக் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இந்த இரண்டைத்தான்: கருவி எவ்வளவு கரண்ட் எடுக்கும், எவ்வளவு வோல்ட் இழந்தால் தாங்கும்? நீளம் அதற்குப் பிறகுதான்.

பின்விளைவு

கருவிகள் விழுவது நின்றது, ஊளையும் போனது. ஆனால் ஒத்திகையில் கீபோர்டுகாரர் ஒரு புதுக் குறையைப் பிடித்தார். பேட் பக்கம் மாறும் இடத்தில் சின்த்தின் முதல் அடி சற்றுப் பின்தங்கியது. பேட் வாசிப்பவருக்கும் வேறொன்று தெரிந்தது: முன்பு சட்டென்று மாறிய விளக்குகள் இப்போது மேல் வரிசையிலிருந்து கீழாக ஓர் அலைபோல மாறின.

இரண்டுக்கும் வேர் ஒன்று. ஐந்து பின் மிடியின் வேகம் நொடிக்கு 31,250 பிட். ஒரு பைட்டுக்கு 0.32 மில்லிநொடி. மூன்று பைட் செய்தி ஒன்றுக்குக் கிட்டத்தட்ட 1 மில்லிநொடி. 64 விளக்கையும் மாற்ற 192 பைட். சுமார் 61 மில்லிநொடி. அந்த நேரத்தில் அதே கேபிளில் சின்த்துக்கான ஸ்வரம் வந்தால் வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும். யூஎஸ்பியின் வேகத்தில் இது யாருக்கும் தெரிந்ததில்லை.

சின்த்துக்கு மூன்றாவதாக ஒரு கேபிள் தனியாகப் போட்டோம். அடி சரியான இடத்துக்கு வந்தது. விளக்கின் அலை அப்படியே இருக்கிறது. பேட் வாசிப்பவர் பார்ப்பவர்களுக்கு அது பிடித்திருக்கிறது என்று சொல்லி, மாற்ற வேண்டாம் என்றார். நிறம் மாறும் கட்டங்களுக்கு மட்டும் கட்டளை அனுப்பினால் குறையும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

மறுபடி செய்தால்

லேப்டாப்பை நகர்த்துவதற்கு முன்பே, ஒவ்வொரு கருவியும் அதிகபட்சம் எவ்வளவு கரண்ட் எடுக்கும் என்று அளந்துவிடுவேன். எல்லா விளக்கும் வெள்ளை, முழுப் பிரகாசம் என்ற நிலையில். கருவியின் அடியில் ஒட்டியிருக்கும் எண்ணும் கருவி லேப்டாப்பிடம் அறிவிக்கும் எண்ணும் நிஜத்தோடு அவ்வளவாக ஒத்துப்போவதில்லை. சின்த்துக்கான தனி கேபிளையும் முதலிலேயே போட்டிருக்கலாம்; கணக்கு கையில்தான் இருந்தது.

9 வோல்ட் ஓடும் ஃபுட் கன்ட்ரோலர் கேபிளின் இரு முனையிலும் இப்போது சிவப்பு டேப் சுற்றியிருக்கிறது. மின்சாரம் ஏற்றும் பெட்டி, 1-ஆம், 3-ஆம் பின்களை எஃபெக்ட் கருவியின் பக்கம் கடத்தாமல் நிறுத்துகிறதா என்றும் சோதித்தோம், நிறுத்துகிறது. ஆனால் சிவப்பு டேப் கேபிளை யாராவது நேராக இன்னொரு கருவியில் செருகினால், அதற்குள் அந்த இரண்டு பின்கள் எங்கே போகின்றன என்பது கருவிக்குக் கருவி மாறும். அந்தக் கேபிளுக்கு ஏழு பின் செருகி போட்டு, வேறெதிலும் நுழையவே முடியாதபடி செய்யலாம் என்று கிடார்காரரிடம் பேசியிருக்கிறோம். ஃபுட் கன்ட்ரோலரின் சாக்கெட்டையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்பதால் அது இன்னும் நிலுவையில் இருக்கிறது.